கொல்லைக்குள் குடிபுகுந்த நஞ்சு

மழை விட்ட மறுவாரம் உங்கள் வீட்டின் கொல்லைக் கதவைத் திறந்து பாருங்கள். முருங்கை மரத்தடியிலும், கிணற்றடிச் சேற்றிலும், சுற்றுச்சுவர் ஓரத்திலும், பெருநாளுக்கென்று நீங்கள் பேணி வளர்க்கும் மருதாணிச் செடியின் காலடியிலும் நீங்கள் விதைக்காத பச்சை ஒன்று தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். இலையைப் பார்த்தால் கேரட் செடியோ, சாமந்திக் கன்றோ என்று தோன்றும். “ஏதோ பூண்டு முளைத்திருக்கிறது” என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறோம். அந்த “ஏதோ பூண்டு” எது என்று தெரியாமல் இருப்பதற்கு நம் குடும்பங்கள் கொடுக்கும் விலை சிறியதன்று.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ, பறவையோ, கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கின்றார்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாகவும் சேர்த்திருக்கின்றார்கள். இவ்விரண்டையும் நம் வீட்டுப் பிள்ளைகள் மதரஸாவில் மனப்பாடம் செய்கின்றனர். நட்டதைப் பற்றிப் பேசுகிறோம். நாம் நடாமலேயே வளரவிட்டதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் மோதினார் தம் வாழ்நாளில் பாதியை அந்தப் பள்ளியின் திண்ணையில் கழித்தவர். ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் மையவாடியில் இடுப்பளவு மண்டிவிடும் செடிகளைத் தனியொருவராக, வெறுங்கையால் பிடுங்கி எறிவார். யாரும் அவரை ஏவியதில்லை. அவரும் கூலி கேட்டதில்லை. ஜியாரத்துக்கு வருவோர் முள்ளிலும் புதரிலும் கால் வைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவருடைய எண்ணம். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய கண்ணிமைகள் வீங்கத் தொடங்கின. கழுத்தும் முழங்கை மடிப்பும் அரித்து, நீர் கசிந்து, பின்னர் யானைத் தோலைப் போலத் தடித்துக் கறுத்துப் போயின. உடற்சூடு என்றார்கள், எண்ணெய் தேய்த்துக் குளித்தார். கருவாடு ஒவ்வவில்லை என்றார்கள், கருவாட்டை விட்டார். கண்ணேறு என்றார்கள், ஓதிய தண்ணீரும் குடித்தார். வெயிலில் நடந்தால் எரிச்சல் தாங்காமல் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் பாங்கு சொல்ல வருவார்.

கடைசியில் தோல் மருத்துவர் ஒருவர் அவருடைய முதுகில் சிறு சிறு ஒட்டுகளை ஒட்டி, இரண்டு நாள் கழித்து அவற்றை எடுத்துப் பார்த்துவிட்டு, “பெரியவரே, நீங்கள் புழங்கும் இடத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூப் பூக்கும் செடி உண்டா?” என்று கேட்டார். உண்டு. மையவாடி முழுவதும் அதுதான். அதன் பெயர் பார்த்தீனியம். நம் பக்கத்தில் விஷப்பூண்டு என்றும், காங்கிரஸ் புல் என்றும் சொல்வார்கள். பூ வெள்ளைத் தொப்பி போலிருப்பதால் இப்பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம். இதில் அரசியல் ஒன்றுமில்லை.

எல்லாருடைய பாதையிலிருந்தும் தொல்லையை அகற்றியவருக்கு, கையில் ஓர் உறை மாட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த வெட்கம்தான் என்னை இதை எழுத வைத்தது.

வந்த வழி

பார்த்தீனியம் நம் மண்ணுக்குச் சொந்தமானதன்று. அதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. இந்தியாவில் 1955-ஆம் ஆண்டு புனே நகரில் இது கண்டறியப்பட்ட பிறகே பலருடைய கவனத்துக்கு வந்தது. அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 திட்டத்தில் வந்த கோதுமை மூட்டைகளோடு விதை வந்து சேர்ந்தது என்று பள்ளிப் புத்தகம் முதல் பட்டிமன்றம் வரை சொல்லப்படுகிறது. ஆனால் அந்தத் திட்டத்தின் கீழ் இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்டது 1956-இல். செடி அதற்கு முந்திய ஆண்டே புனேயில் நின்றது! 1951-இலும் அமெரிக்கத் தானியம் கப்பலில் வந்ததுண்டு என்பதால் கோதுமையை முற்றிலும் குற்றமற்றதென்று விடுவிக்கவும் இயலாது. எப்படி வந்திருந்தாலும் இருபது ஆண்டுகளுக்குள் அது தக்காணம் முழுவதும் பரவிவிட்டது. 1975-இல் கர்நாடக அரசு அதைச் சட்டப்படி தீங்கு தரும் களையாகவே அறிவிக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு விரைவு ஏன்? ஒரே செடி பதினைந்தாயிரம், இருபதாயிரம் விதைகளைக் கூடத் தரவல்லது. விதை கடுகைவிடச் சிறியது. காற்று கொண்டுபோகும், ஓடும் நீர் கொண்டுபோகும், வண்டிச் சக்கரத்தில் ஒட்டிய சேறும் கொண்டுபோகும். வீடு கட்டக் கொட்டிய மணலிலும், தோட்டத்துக்கு வாங்கிய குப்பை எருவிலும், நாற்றங்காலில் ஆசையாய் வாங்கிய ரோஜாத் தொட்டியின் மண்ணிலும் அது ஒளிந்து வருகிறது. முளைத்த நான்கு முதல் ஆறு வாரங்களில் பூத்துவிடும். ஈரம் இருந்தால் போதும், இன்ன பருவம் என்று அதற்குக் கிடையாது. தான் நிற்கும் இடத்தில் பிற செடிகள் முளைப்பதைத் தடுக்கும் பொருள்களையும் மண்ணில் விடுகிறது. உங்கள் கீரைப் பாத்தி ஏன் சோர்ந்து போயிற்று என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எப்படி அறிவது?

இளமையில் அதற்குத் தண்டு தெரியாது. ஆழமாகப் பிளவுபட்ட இலைகள், கோலத்தின் இதழ்களைப் போல நடுப்புள்ளியைச் சுற்றித் தரையில் ஒட்டிக் கிடக்கும். மண்ணோடு ஒட்டியிருப்பதால் ஆடு மேய்ந்தாலும், காலால் மிதித்தாலும் அது சாவதில்லை. சில வாரங்களில் நடுவிலிருந்து தண்டு கிளம்பி, இடுப்பளவும் அதற்கு மேலும் வளர்ந்து, உச்சியில் பல கிளைகளாகப் பிரியும். தண்டை உற்றுப் பார்த்தால் நீளவாக்கில் வரிவரியாய்ப் பள்ளங்கள் ஓடும். மெல்லிய ரோமமும் இருக்கும். பூவோ ஜவ்வரிசி அளவுதான். பாலாடை நிறத்தில் உருண்டையாக, சுற்றிலும் ஐந்து மூலைகளில் ஐந்து பொடி இதழ்கள். இந்த ஐந்து மூலைதான் உறுதியான அடையாளம்.

இதை மாசிப்பச்சை என்றெண்ணி மணத்துக்காக முகர்வோர் இருக்கின்றனர். மாசிப்பச்சையைக் கசக்கினால் நறுமணம் எழும். இதற்கு அந்த மணம் கிடையாது. ஐயமிருந்தால் கசக்கியும் பார்க்க வேண்டாம், பூவரும்பும் வரை காத்திருந்து ஐந்து மூலையை எண்ணுங்கள். வெட்டுக்காயத்துக்குச் சாறு பிழியும் மூக்குத்திப் பூவோடும் சிலர் குழப்பிக்கொள்வர். அந்தச் செடி தரையில் படரும்; நீண்ட காம்பின் நுனியில் ஒற்றைப் பூ, நடுவில் மஞ்சள். அதனை விட்டுவிடுங்கள், பாவம், அது எவரையும் துன்புறுத்துவதில்லை.

பார்த்தீனியத்தின் நஞ்சு பார்த்தீனின் என்னும் கசப்புப் பொருள். இலையிலும் தண்டிலும் உள்ள ரோமத்திலும், மகரந்தத்திலும் அது இருக்கிறது. முதல் நாள் தொட்டவுடன் ஒன்றும் நேராது. அதனாலேயே நாம் ஏமாறுகிறோம். மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ தொட்டுத் தொட்டு, ஒரு நாள் உடல் அதைப் பகையாக அடையாளம் கண்டுவிடுகிறது. அதன் பிறகு செடியைத் தொட வேண்டுமென்பதில்லை. உலர்ந்த துகள் காற்றில் பறந்து வந்தாலே இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகியவற்றில் அரிப்புக் கிளம்பும். சிலருக்குத் தும்மலும் மூக்கொழுகலும், சிலருக்கு இழுப்பும் வரும். ஒருமுறை மூண்ட இந்த ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தொடரும். மருந்து அதைத் தணிக்கும். செடியிலிருந்து விலகியிருப்பதே காக்கும். சாமந்தி, சூரியகாந்தி போன்ற அதே குடும்பத்துப் பூக்களும் இவர்களுள் சிலருக்கு ஆகாமல் போய்விடுகின்றன. வயல் வெளியில் உழைக்கும் ஆண்களிடமே இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது என்றாலும், கொல்லையில் புழங்கும் பெண்களும் தப்பியவர்கள் அல்லர்.

பூப்பதற்கு முன்பு

இதை ஒழிக்க வல்ல மருந்தை ஒரே சொல்லில் கேட்டால், “பூப்பதற்கு முன்பு” என்பேன். பூத்த பிறகு பிடுங்குவது பிடுங்குவதாகாது, விதைப்பதாகும். செடியை உலுக்கி, தோளில் சுமந்து, தெருவோரம் வரை சிந்திக்கொண்டே போய்க் கொட்டுகிறோம். எங்கள் மோதினாரும் அதைத்தான் செய்துவந்தார். மழை முடிந்து, பூத்து, முற்றிய பிறகே மையவாடிக்குள் இறங்குவார். ஆண்டு தவறாமல் உழைத்தும் ஆண்டு தவறாமல் அது மண்டியதன் காரணம் இதுவே.

மண் ஈரமாயிருக்கும்போது, காலை வேளையில், வேரோடு பிடுங்குங்கள். அரிவாளால் தரைமட்டத்துக்கு அறுத்தால் கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். ரப்பர் கையுறை இல்லையென்றால் கைகளில் பிளாஸ்டிக் பையையாவது சுற்றிக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். இழுப்பு உள்ளவர்களும் தோல் அரிப்பு உள்ளவர்களும் இவ்வேலைக்கு அருகிலேயே வரலாகாது. சிறுவர்களை ஏவாதீர்கள். தவறிப் பூத்துவிட்ட செடியாயின், உச்சியைப் பையால் மூடிக் கட்டிய பின்னரே வேரை அசைக்க வேண்டும். பூவாத செடிகளைக் குழியிலிட்டு மண் மூடி மக்கவிட்டால் எருவாகிவிடும். பூத்தவற்றை எருக்குழியில் சேர்க்காமல் தனியே ஆழமாகப் புதையுங்கள். காய்ந்த பூண்டைக் குவித்துக் கொளுத்துவோர் உண்டு; அந்தப் புகையில் நிற்க வேண்டியவர்கள் அண்டை வீட்டார் என்பதை நினைத்தால் போதும், தீக்குச்சி தானே அணையும்.

இங்கே நம் இல்லங்களுக்கேயுரிய ஒரு செய்தி. வேலை முடிவதற்குள் அஸர் பாங்கு ஒலிக்கும். கையை மேலோட்டமாக நனைத்து, உடனே உளூச் செய்ய முனைவோம். செடியின் துகளும் சாறும் ஒட்டிய அதே கையால் முகத்தைத் தடவுகிறோம், காதைத் தடவுகிறோம், கண்ணின் ஓரத்தில் விரல் வைக்கிறோம். ஆகவே உளூவுக்கு முன் கைகளை முழங்கை வரை சோப்புப் போட்டு நன்கு கழுவிவிடுங்கள். உடுத்திய உடையைத் தொழுகை விரிப்பின் அருகில் களையாமல் தனியே நனைத்துத் துவையுங்கள்.

சுவரோரம், நடைபாதை இடுக்கு, தெரு விளிம்பு என்று வேறெதுவும் வளர வேண்டாத இடங்களில் உப்புக் கரைசல் உதவும். ஒரு லிட்டர் தண்ணீரில் 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்து, சிறிது சோப்பு நீர் கலந்து, இளஞ்செடிகள் முழுதும் நனையும்படி நல்ல வெயிலில் தெளியுங்கள். இதைப் பூந்தோட்டத்துக்குள் செய்துவிடாதீர்கள். உப்பு, நல்லது கெட்டது பார்க்காது.

பிடுங்கிய இடத்தை வெறுமையாக விட்டால் அது மீண்டும் வந்து குந்திக்கொள்ளும். ஆவாரை, தகரை, கொழிஞ்சி ஆகியவை அதனோடு மல்லுக்கு நின்று இடம் பிடிக்கவல்லவை. மையவாடி ஓரங்களுக்கு இவை ஏற்றவை. வீட்டுக் கொல்லையில் அந்திமந்தாரையையும் துலுக்கச் சாமந்தியையும் நெருக்கமாக விதையுங்கள். (நம் பெயரைச் சூட்டிக்கொண்டிருக்கும் இந்தத் துலுக்கச் சாமந்தியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். வந்தவையெல்லாம் பகையல்ல.) ஆனால் ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் சாமந்தி வகையே வேண்டாம்.

மழைக்காலத்தில் இச்செடியின் இலைகளைச் சல்லடையாகத் துளைத்திருக்கும் சிறு வண்டுகளை நீங்கள் பார்த்திருக்கலாம். வெளிறிய முதுகில் பழுப்பு நிற நெளிகோடுகள் இருக்கும். அவற்றைக் கொல்லாதீர்கள். மெக்சிகோவிலிருந்து 1983-இல் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டு, சோதனைகளுக்குப் பின் மறு ஆண்டு வெளியில் விடப்பட்ட விருந்தாளிகள் அவை. சூரியகாந்திப் பயிரையும் தின்றுவிடும் என்று இடையில் ஓர் அச்சம் எழுந்து அடங்கியது. கோடையில் மண்ணுக்குள் உறங்கிவிடுவதால் அவற்றை மட்டும் நம்பியிருக்க முடியாது.

ஆட்டுக்கும் பிள்ளைக்கும்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆறேழு மாதங்கள் முன்பே குட்டி வாங்கி வளர்க்கும் வீடுகள் நம்மிடையே மிகுதி. பிள்ளைகள் அதற்குப் பெயரிட்டு, பள்ளிவிட்டு வந்ததும் வேலியோரம் கொண்டுபோய்க் கட்டுகின்றனர். எந்த வேலியோரம் என்பதுதான் கேள்வி. பார்த்தீனியத்தைத் தின்ற ஆட்டின் இறைச்சியிலும், மாட்டின் பாலிலும் வேண்டாத கசப்பும் வாடையும் ஏறும். சிவப்பும் மஞ்சளுமாய்க் கொத்துக் கொத்தாகப் பூக்கும் உண்ணிச்செடி அதனினும் கொடிது. 1809-ஆம் ஆண்டளவில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுக்காகக் கொண்டுவந்த செடி அது. இன்று முதுமலைக் காட்டையும் விழுங்கி நிற்கிறது. நாற்றங்கால்களில் இன்னமும் தொட்டியில் விற்கப்படுகிறது. பசியால் அதன் தழையை மேய்ந்த கால்நடைக்கு ஈரல் கெட்டு, மஞ்சள் காமாலை கண்டு, தீனி மறுத்து, வெயில் பட்ட மூக்கும் காதும் வெடித்துப் புண்ணாகும். குளக்கரையில் ஊதாப் பூவோடு அடர்ந்து நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கைத் தொடர்ந்து தின்ற ஆடு, மெலிந்து, தலை நடுங்கி, கால் பின்னி விழும். இது காக்காய் வலிப்பு என்று தவறாக எண்ணப்படுவதும் உண்டு. வீட்டு அழகுக்கு வைத்த அரளி வெளியிலிருந்து படையெடுத்து வந்ததன்று. எனினும் அதன் சில இலைகளே ஆட்டின் இதயத்தை நிறுத்தப் போதும். கவாத்துச் செய்த அரளிக் கிளைகளை ஆடு எட்டும் தொலைவில் போடாதீர்கள்.

ஆட்டைவிடப் பெரிது பிள்ளை. வேலிக்கென்று நாமே நட்ட காட்டாமணக்கைப் பற்றித் தாய்மார்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. ஆடு கடிக்காது என்பதாலேயே அதை வேலியில் வைத்தார்கள். ஆடு அறிந்திருந்ததை நாம் அறியவில்லை! 2003-இல் திட்டக்குழு அமைத்த குழு, டீசலுக்கு மாற்றாக இதன் எண்ணெயைப் பரிந்துரைத்த பின்னர் பல இடங்களில் பரவலாக நடப்பட்டது. எதிர்பார்த்த விளைச்சல் கிட்டாமல் பலரும் கைவிட்டனர், செடிகள் நின்றுவிட்டன. பச்சைக் காய் மஞ்சளாகிப் பின் கறுத்து வெடிக்கும். உள்ளே கறுப்பு விதைகள். உடைத்தால் வேர்க்கடலை போன்ற வெள்ளைப் பருப்பு. சுவையும் ஏறத்தாழ அதுவே. ஒரு பிள்ளை தின்று நன்றாக இருக்கிறது என்றால் பத்துப் பிள்ளைகள் தின்னும். பள்ளிக்கூட இடைவேளையில் கூட்டம் கூட்டமாகக் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்ட செய்திகளை நாளிதழ்களில் மீண்டும் மீண்டும் படிக்கிறோம். தொண்டை எரிச்சல், வயிற்று வலி, அடுக்கடுக்கான வாந்தி, வயிற்றுப்போக்கு. உடலின் நீரெல்லாம் வற்றிக் குழந்தை துவண்டுவிடும். காலத்தே சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர். சாதாரண ஆமணக்கு விதையை மென்று விழுங்குவதும், மஞ்சள் அரளியின் காயை வாயில் வைப்பதும் இதனினும் ஆபத்தானவை. மஞ்சள் அரளி இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

பிள்ளை எதையோ தின்றுவிட்டது என்று தெரிந்தால் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். தொண்டைக்குள் விரல் விடாதீர்கள். வாயில் எஞ்சியதைத் துடைத்தெடுத்து, வாயைக் கொப்பளிக்கச் செய்து, மருத்துவர் சொல்லாமல் பால், மோர், கஷாயம் எதுவும் கொடுக்காமல், 108 ஆம்புலன்சுக்குச் சொல்லுங்கள். செடியின் ஒரு கிளையையும், காய் இருந்தால் காயையும் பையில் போட்டு உடன் கொண்டு செல்லுங்கள். மருத்துவருக்கு நீங்கள் தரக்கூடிய ஆகப்பெரிய உதவி அதுவே. புது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 1995 முதல் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தை எந்த ஊர் மருத்துவரும் கேட்டறியலாம். ஆனால் என்ன தின்றது என்ற கேள்விக்கு விடை உங்களிடமிருந்துதான் போக வேண்டும்.

எங்கள் ஜமாஅத்தில் இப்போது ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். முதல் மழை விழுந்த மூன்றாம் வாரத்தில், ஜும்ஆவுக்கு முந்திய காலையில், கையுறையும் மண்வெட்டியுமாய் இளைஞர்கள் மையவாடியில் இறங்குகின்றனர். மூன்று வாரம் கழித்து மறுமுறை. மழை நீடித்தால் மூன்றாம் முறை. பெண்கள் அதே நாளில் தத்தம் கொல்லையைப் பார்த்துக்கொள்கின்றனர். ஏனெனில் ஒரு வீட்டில் விட்டுவைத்த செடி தெரு முழுவதற்கும் விதை அனுப்பும். ஜபல்பூரிலுள்ள களை ஆராய்ச்சி இயக்குநரகம் ஆண்டுதோறும் ஆகஸ்டு 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடத்துகிறது. நம் ஊர் மழை அந்தத் தேதிக்குக் கட்டுப்படுவதில்லை. முளை கண்ட நாளே நமக்குக் கணக்கு. மண்ணுக்குள் புதைந்த விதைகள் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும் என்பதால் ஓராண்டில் தீர்ந்துவிடாது. சென்ற முறை பிடுங்கியது முதல் ஆண்டைவிடப் பாதியளவு கூட இல்லை.

மோதினார் இதில் சேருவதில்லை, மருத்துவர் கட்டளை. பள்ளிவாசலின் திண்ணையில் அமர்ந்தபடி, பிள்ளைகள் கொண்டுவந்து எட்ட நின்று காட்டும் செடியைப் பார்த்து, இது பிடுங்க வேண்டியது, இது விட வேண்டியது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.